சேறு

பயணக் கட்டுரைகளில் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்வது ஓர் அலங்காரம். எழுதுபவன் நனைகிறான், தள்ளுகிறான், கடைசியில் ஊர் போய்ச் சேருகிறான். பட்ட அவஸ்தை சுவாரஸ்யமாகிவிடுகிறது. முதுகில் மூட்டையும் பையில் திரும்பும் டிக்கெட்டும் உள்ளவனுக்கு மட்டும் வாய்க்கிற சௌகரியம் இது.

பிரேஸிலில், மனௌஸிலிருந்து போர்த்தோ வெல்யோவுக்கு அமேஸான் காட்டின் ஊடாக ஒரு சாலை போகிறது. பி.ஆர். 319. நீளம் 885 கிலோமீட்டர். 1976இல் ராணுவ ஆட்சி திறந்துவைத்தது. பராமரிப்பில்லை, மழை தாரைத் தின்றது, 1988 வாக்கில் பஸ்கள் நின்றன. நடுவே 400 கிலோமீட்டர் மறுபடி மண்ணாயிற்று. பிறகு ஏதோ செப்பனிட்டு வண்டிகள் ஓடத் தொடங்கின. 2019 மே மாதம், மழை ஓயாத நாட்களில், அப்படியொரு பஸ்ஸில் போனேன்.

இரண்டாம் நாள் பஸ் அச்சுவரை புதைந்தது. யாரும் பதறவில்லை. டிரைவர் மண்வெட்டியை எடுத்தார். இரண்டு பேர் கிளைகளை வெட்டிச் சக்கரத்தடியில் செருகினார்கள். ஒரு பெண் அடுப்பு மூட்டிக் காபி போட்டாள். பத்தொன்பது மணி நேரம். பக்கத்து இருக்கைக் கிழவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார், மடித்து வைத்தார். மறுநாள் காலை போர்த்தோ வெல்யோவில் அவருக்குக் கண் ஆபரேஷன். போன வருஷமும் இப்படித்தான் தேதி தவறிப் போயிற்றாம். அரைகுறை போர்த்துகீஸில் அனுதாபம் சொன்னேன். 'மழை' என்றார். அவ்வளவுதான். நான் விபத்து என்று எண்ணியது அவருக்குப் போக்குவரத்து.

இந்தச் சாலைக்குத் தார் போடலாமா என்று பல வருஷங்களாக வழக்கு. தார் வந்தால் காடு போகும். தெற்கே ரொண்டோனியாவில் நெடுஞ்சாலையிலிருந்து மீன்முள்போலக் கிளைத்த பாதைகளின் இருபுறமும் காடு போயிருப்பது வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிகிறது. தார் வராவிட்டால் கிழவரின் தேதி போகும். காடு இருக்கவேண்டும் என்கிற கட்சி நான். ஆனால் என் கண்ணுக்கு யாரும் தேதி குறித்திருக்கவில்லை. 2022 செப்டம்பரில் இதே சாலையில் குருசா ஆற்றுப் பாலம் இடிந்து மனிதர்கள் செத்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு பாலமும் விழுந்தது.

போர்த்தோ வெல்யோ ஊரே ஒரு ரயிலுக்காக உண்டானது. மதேய்ரா ஆற்றின் பாய்ச்சல்களில் படகு போகாது. அவற்றைச் சுற்றிக்கொண்டு பொலிவிய ரப்பரைக் கொண்டுவரக் காட்டுக்குள் தண்டவாளம் போட்டார்கள். காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் கூலிகள் செத்தார்கள். ஒரு சிலீப்பர்க் கட்டைக்கு ஓர் உயிர் என்பது அங்கே வழங்கும் பேச்சு. 1912இல் வேலை முடிந்தது. 1913இல் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேஸில் ரப்பரை முந்திவிட்டது. 1876இல் ஹென்றி விக்ஹாம் தபாஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து கப்பலேற்றிய விதைகளின் சந்ததி அதற்குள் மலாயாவில் காடாகியிருந்தது. அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுக்கும் காய்ச்சல், அவர்களுக்கும் குழி.

1972இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனருகே துருவேறிய எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பாட்டியின் அண்ணன் பேராக்கில் பால்மரம் சீவியவர். திரும்பி வரவில்லை, எந்தத் தோட்டம் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த எஞ்சின்கள் நின்றுபோனதில் அவர் கத்திக்கும் பங்குண்டு. அவரிடம் அதை யார் சொல்லியிருப்பார்கள்.