பிளேன்ரீக்கு ஒரு பெட்டி

எங்கட அறையில் காலையில் முதல் எழும்புகிற ஆளின்ர காலில்தான் மண் குத்தும். திருநெல்வேலியில் மூன்று பேராக வாடகைக்கு இருக்கிறம். பாயில் மண், கொப்பிக்குள் மண், ஒருநாள் புட்டிலயும் மண். எல்லாம் பிளேன்ரீயின் வேலை. பூனையின்ர நிறம் அப்படி, அதால அந்தப் பேர்.

அவளை வெளியில் விடேலாது. தெருநாய் ஒன்று பின்னங்காலைக் கடித்த பிறகு நொண்டித்தான் நடக்கிறாள், மதிலில் ஏறமாட்டாள். வீட்டுக்கார அன்ரி ஒன்றுதான் சொன்னவ: “பூனை நிக்கட்டும் பிள்ளையள். ஆனா மணமும் மண்ணும் ஹோலுக்க வந்தா நான் பொறுக்கமாட்டன்.”

முதல் வைத்தது உடுப்புத் தோய்க்கிற பழைய பேசின். பக்கத்து வளவில் வீடு கட்டி மிஞ்சின மணலை அள்ளிப் போட்டம். பிளேன்ரீ உள்ளே நின்றால் பின்பக்கம் வெளியில் நிற்கும். முடித்ததும் மூடுவதற்காகக் கிண்டுவாள், பாதி மணல் நிலத்தில். மூடுவது பூனையின் பழக்கம், அதை விடு என்று சொல்லேலுமா? மணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில்தான் தேங்கும். அதிலுள்ள யூரியாவைப் பக்டீரியாக்கள் உடைக்க அமோனியா வரும். மணம் போகட்டும் என்று குளோரின் ஊற்றிக் கழுவினம். அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் நச்சுவாயு வரும் என்று பிறகுதான் வாசித்தம். எங்களில் ஒருத்திக்குத் தொய்வு. அன்றிரவு அவள் இருமின இருமலில் மூன்று பேரும் நித்திரை கொள்ளவில்லை. அதோடு குளோரினை விட்டு, சவர்க்காரமும் சுடுதண்ணியும் மட்டும்தான்.

பிறகு, படிப்பு முடித்துப் போன அக்கா ஒருவர் மூடி போட்ட பெட்டி ஒன்றைத் தந்திட்டுப் போனார். முன்னுக்கு ஒரு வாசல், மற்றப்பக்கமெல்லாம் அடைப்பு. மூன்று நாள் அறை பளபளத்தது. நாலாம் நாள் பிளேன்ரீ எங்கட ரியூட் கட்டின் மேல் இருந்தாள். சோதனைக்கு ஒன்பது நாள்.

“மீன் சந்தையில விட்டிடுவம், தின்று பிழைக்கும்” என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று எழுதமாட்டம். மற்ற ரெண்டு பேரும் உடனே மறுக்கவும் இல்லை.

ரியூட்டைக் கொடியில் காயப்போட்ட பிறகு, அந்த வாசலுக்குள் தலையை விட்டுப் பார்த்தம். கண் எரிந்தது. எங்கட மூக்குக்கு வராத மணம் முழுக்க உள்ளே நின்றது. ஏலாத காலோடு அதற்குள் திரும்பவும் இடமில்லை. அந்தப் பெட்டி எங்களுக்குத்தான் நல்ல பெட்டி.

மண் குறைவாகச் சிந்துவது மேலால் இறங்குகிற பெட்டியில் என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. பூனை மூடியில் உள்ள ஓட்டையால் ஏறி வரும்போது காலில் ஒட்டினது மூடியிலேயே உதிரும். நல்ல யோசனைதான், ஆனால் பாயேலாத பூனைக்கு அது உதவாது.

கடைசியில் உடுப்பு வைக்கிற பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று வாங்கினம். பூனையின் நீளத்தில் ஒன்றரை மடங்காவது இருக்கவேணும் என்கிறார்கள். பிளேன்ரீ நித்திரையாகக் கிடக்கும்போது அளவு நாடாவால் அளந்தம். மூன்று பக்கமும் உயரமாக விட்டு, ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கின கத்தியால் நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பில் துணி ஒட்டினம். வெட்டின பக்கம் சுவரைப் பார்த்தபடி வைத்தம். வெளியில் வந்தால் தும்புக் கால்மிதியில் நாலு அடி நடந்துதான் திரும்பவேணும்.

மணலுக்குப் பதிலாக என்ன போடுறது? கடையில் விற்கிற கட்டியாகிற களிமண் வாங்க எங்கட மகாபொலக் காசு காணாது. உமி லேசு, மின்விசிறி போட்டால் பறக்கும். தும்புத்தூள் நல்லாக உறிஞ்சும், ஆனால் காலெல்லாம் மண்ணிறமாகி, வெள்ளை பெற்சீற்றில் அடையாளம் வைத்தாள். மரக்காலையில் மரத்தூள் கிடைத்தது. மருந்தடிக்காத பலகைத் தூளா என்று கேட்டுத்தான் எடுத்தம். தொய்வுக்காரியை வெளியில் அனுப்பிப்போட்டு அரிதட்டில் அரித்து, நுண்ணிய தூசியைக் கழித்தம். ஒரேயடியாக மாற்றவில்லை. பழைய மணலோடு கலந்து, நாளுக்கு நாள் மணலைக் குறைத்தம்.

காலையும் இரவும் அள்ளவேணும். இதுக்கு எந்தப் பெட்டியும் மாற்றில்லை. பொரிக்கிற ஓட்டைக் கரண்டி ஒன்று குசினியை விட்டு நிரந்தரமாக இடம்பெயர்ந்தது. யாருடைய முறை என்று கதவில் ஒட்டின தாளால் வந்த சண்டைகளை எழுதினால் இன்னொரு கட்டுரை வேணும்.

முற்றாக நிற்கவில்லை, இப்பவும் பாயில் ரெண்டு மூன்று தூள் கிடக்கும். ஆனால் போன கிழமை வாடகை வாங்க வந்த அன்ரி அறைக்குள் நின்று கொஞ்ச நேரம் கதைத்திட்டு, “பூனையைக் குடுத்திட்டியளோ?” என்று கேட்டா. பிளேன்ரீ அவவின் காலடியில்தான் கிடந்தாள்.

இன்னும் நாலு மாதத்தில் அறையை விடவேணும். மூன்று பேருக்கும் மூன்று ஊர், பிளேன்ரீ யாரோட போவாள் என்று இன்னும் முடிவில்லை. சந்தை என்று சொன்னவள் நேற்றுத் தம்பிக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள், வீட்டுப் பின்விறாந்தையின் மூலையை அளந்து அனுப்பச் சொல்லி.