தட்டைத் திருப்பிப் பார்க்கும் ஊர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசுவதில்லை. நன்றாகப் படி, வேளாவேளைக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் அவர்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். ‘லீவு நாளில் போர்வைக்குள் கிடக்காதே, கால் போன போக்கில் நாலு தெரு நட’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ‘சரி தாத்தா’ என்று தலையாட்டுவார்கள். போய் என்ன செய்கிறார்களோ!

எனக்கு அந்தப் புத்தி வந்தது ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில். இங்கிலாந்தின் பீங்கான் நகரம் அது. ஆறு சிறு நகரங்கள் 1910-இல் ஒன்றாகிப் பிறந்த ஊர். பீங்கான் தொழில் முன்னோடி ஜோசையா வெட்ஜ்வுட் பிறந்த பர்ஸ்லெம் அவற்றில் ஒன்று. விருத்தாசலத்தில் செராமிக் படித்துவிட்டு, 1980-களில் மேல்படிப்புக்கென்று அங்கே போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் அப்போது தென்னார்க்காடு மாவட்டம். செராமிக் படிக்கிறேன் என்றால், ‘சட்டி பானைக்கு ஒரு படிப்பா?’ என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு நகரமே சட்டி பானையில் எழுந்து நிற்பதைக் கண்டதும் அவர்களையெல்லாம் ரயிலேற்றிக் கூட்டிவந்து காட்டலாமா என்றிருந்தது. கடல் இருப்பது அந்த வயதில் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையடைப்புப் போல இருக்கும். பெரிய கடைகள் அன்று திறக்கலாம் என்று சட்டம் வந்ததே 1994-இல்தான். அப்படி ஒரு ஞாயிறு, லாங்டன் பகுதியில் நடந்தேன். வீட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல்லால் கட்டிய ராட்சத பாட்டில்கள் தலைநீட்டின. நிலக்கரி எரித்துப் பீங்கான் சுட்ட சூளைகள். ஒரு காலத்தில் அந்த ஊரில் சுமார் 2,000 இருந்தவை. இன்று 50-க்கும் குறைவு. 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம் அவற்றின் புகையை நிறுத்தியது.

நான் அண்ணாந்து பார்த்து நிற்பதைக் கண்டு ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார். சூளைக்குள் சரக்கு அடுக்கியவராம். தீக்களிமண்ணில் செய்த சாகர் பெட்டிக்குள் பாத்திரங்களை வைத்து, பெட்டியைத் தலையில் தூக்கி ஏணியேறி அடுக்க வேண்டும். தலைக்குத் துணிச்சுருள் வைப்போம் என்று கையால் சுற்றிக் காட்டினார். அட, நம் சும்மாடு! எங்கள் ஊரிலும் சாகர் அடுக்கியிருக்கிறேன் என்றதும் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார்.

அவர் மனைவி ஓட்ஸ் மாவில் சுட்ட ஓட்கேக் தந்தார். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவைக் கல்லில் ஊற்றிச் சுடுவது. மெத்தென்ற கோதுமை தோசை மாதிரி. அதைப் பரிமாறுமுன் பெரியவர் தட்டைத் திருப்பி அடியிலிருந்த முத்திரையைக் காட்டினார். எந்த ஆலை, எந்த ஊர் என்று அதிலேயே இருந்தது. அவர்மட்டுமில்லை, அந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள். அவர்கள் பெருமையே தட்டின் அடியில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் விருத்தாசலம் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் நின்று பார்த்தேன். நெய்வேலி, பண்ருட்டி வட்டாரக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து பாரீஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் தோல் போலப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியதும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார் வருகிறார். பக்கத்துக் கொட்டகையில் மின்சார ஃபியூஸ் கட்டைகள். எதைத் திருப்பினாலும் அடியில் வெறும் மண்தான்.

அச்சிலேயே ஊர்ப் பெயரைக் கீறிவிட்டால் தனிச்செலவு கிடையாது. ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “மொத்த வியாபாரி ஒத்துக்க மாட்டாருண்ணே. நேரா இங்கயே வந்து வாங்கிடுவாங்கல்ல” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விட்டுவிட்டேன்.

விருத்தாசலம் வந்தால் பழமலைநாதரைத் தரிசித்து, படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரையும் கும்பிட்டு, கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டு ஜங்ஷனில் ரயிலேறிவிடுகிறார்கள் வெளியூர்க்காரர்கள். தொழிற்பேட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

நவராத்திரிக்குப் பீங்கான் பொம்மை வாங்கும்போது ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் ஒன்றும் இல்லையென்றால், எந்த ஊரில் செய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காகவாவது பெயரைப் போடச் சொல்வார்.