உடைந்த தட்டும் நசுங்கிய கதவும்





கடந்த ஷஃபான் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. இராயபுரத்திலுள்ள மதரஸாவில் பாடங்களை முடித்து, மஃரிப் தொழுதுவிட்டுத் திருவொற்றியூரிலுள்ள வீட்டுக்கு எண்ணூர் விரைவுச்சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் செல்லக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசைகட்டி நிற்பதை வடசென்னைவாசிகள் அனைவரும் அறிவர். காசிமேட்டைத் தாண்டியதும், வரிசையிலிருந்து விலகித் திரும்பிய ஒரு டிரெய்லரின் பின்மூலை என் காரின் இடப்பக்கத்தை உரசியது. பின்கதவு உள்வாங்கி நசுங்கியது. பின்விளக்கு நொறுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒரு கீறலும் இல்லை.

அது பன்னிரண்டு ஆண்டு பழைய வண்டி. அந்தக் கதவு என் தாயார் ஏறி இறங்கும் கதவு. சிறுநீரகம் செயலிழந்த அவர்களுக்குச் செவ்வாயும் சனியும் ஸ்டான்லி மருத்துவமனையில் டயாலிசிஸ். விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்திருப்பது எனக்கு உதவும். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் உம்மாவுக்கு உதவாது. வலப்பக்கக் கதவைத் திறந்து இருக்கையில் நகர்ந்து அமரவும் அவர்களால் இயலாது. நசுங்கிய கதவு திறக்க மறுத்தபோது என் மனத்தில் எழுந்த முதல் கேள்வி, "நாளைக் காலை உம்மா எப்படிப் போவார்கள்?" என்பதுதான்.

ஓட்டுநர் இளைஞர், தென்மாவட்டத்துக்காரர். இறங்கி வந்து கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க பாய், கண்ணாடில தெரியல. ஓனர்கிட்ட பேசுங்க" என்று கைப்பேசியை நீட்டினார். லாரியின் எண், ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று, இரு வண்டிகளும் நின்ற நிலை ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டேன். உரிமையாளர் கோபப்படவில்லை. "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு பாய். கேஸ் போடுங்க, வர்றப்ப வரட்டும்" என்றார்.

'வர்றப்ப வரட்டும்' என்ற அந்த இரண்டு சொற்களின் பொருள் மறுநாள்தான் எனக்கு விளங்கியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. சட்டம் வற்புறுத்துவதால் அதை மட்டும் எடுத்திருந்தேன். அது என் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. என் கதவுக்கு ஒரு ரூபாயும் தராது. முழுக் காப்பீடு உள்ளவர்கள் தம் காப்பீட்டு நிறுவனத்திடமே கோரி, அடுத்த ஆண்டின் தள்ளுபடியை இழந்தாலும் விரைவில் பழுது நீக்கிக்கொள்ளலாம். எனக்கிருந்த வழி லாரியின் காப்பீட்டைக் கோருவது. அதற்குக் காவல் நிலையத்தில் புகார், பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு, வழக்கறிஞர், வாய்தா. பணம் ஒருநாள் வரலாம். ஆனால் டயாலிசிஸ் அந்த நாளுக்காகக் காத்திருக்காது.

எங்கள் தெருவை அடுத்த டிங்கரிங் பட்டறைக்காரர் கணக்குப் போட்டார். "புதுக் கதவு வேணாம் ஹஜ்ரத். புதுப்பேட்டைல இதே மாடல் கதவு கிடைக்கும். கதவு, லைட், டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேத்து 11,500. காசு இருந்தா நாலு நாள்ல முடிச்சிடலாம்." மாதக் கடைசியில் மதரஸா ஆசிரியரிடம் 11,500 ரூபாய் ஏது? செவ்வாயன்று உம்மாவை ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். போக 250, வர 250. ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அவர்கள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

அந்த வாரம் மாணவர்களுக்குரிய நபிமொழிப் பாடத்தில், அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி வந்தது. புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரது இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு மனைவி பணியாளிடம் ஒரு தட்டில் உணவு அனுப்பினார். இல்லத்தில் இருந்தவர் பணியாளின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. தட்டிவிட்டவர் அன்னை ஆயிஷா (ரலி) என்று வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. உடைந்த துண்டுகளையும் சிந்திய உணவையும் தாமே சேகரித்தார்கள். உங்கள் தாயாருக்கு ரோஷம் வந்துவிட்டது என்ற கருத்தில் அங்கிருந்தோரிடம் கூறினார்கள். பிறகு அந்த இல்லத்திலிருந்து நல்ல தட்டு ஒன்று வரும்வரை பணியாளை நிறுத்திவைத்தார்கள். நல்லதைக் கொடுத்தனுப்பி, உடைந்ததை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சிறுவன் கேட்டான்: "உஸ்தாத், அவர ஏன் நிறுத்தி வச்சாங்க? தட்ட அப்புறமா குடுத்து அனுப்பியிருக்கலாமே?"

இருபது ஆண்டுகளாக இந்த நபிமொழியைக் கற்பித்து வருகிறேன். பொருளுக்கு ஈடு உண்டு. தெரியாமல் செய்தால் பாவம் இல்லை, ஆனால் பொறுப்பு நீங்காது என்ற சட்டத்தையே விளக்கி வந்தேன். அவன் கேட்டதை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லப் பெருமானாரின் வீட்டில் இடம் இருக்கவில்லை. பணியாள் வெறுங்கையோடு வாசலைக் கடப்பதற்குள் ஈடு செய்யப்பட்டது. அங்கே விரைவும் ஈட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பின்னர் அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்கள் நினைவுக்கு வந்தன. ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றவரின் விளைநிலத்தில் மேய்ந்துவிட்டன. விரிவுரையாளர்கள் கூறும் விளக்கத்தின்படி, ஆடுகளை நிலத்துக்காரருக்கே கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) அவர்களோ, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஆட்டுக்காரர் ஏற்க வேண்டும்; அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்க வேண்டும் என்றார்கள். இருவருக்கும் ஞானம் வழங்கியதாகக் கூறும் இறைவன், இந்தத் தீர்ப்பைச் சுலைமானுக்கு விளங்கவைத்ததாகக் குறிப்பிடுகிறான். அழிந்த பயிர் ஒரு நட்டம். பயிர் மீளும்வரை கழியும் நாட்கள் இன்னொரு நட்டம். அந்த நாட்களையும் சுலைமான் (அலை) கணக்கில் சேர்த்தார்கள்.

இந்த இரு நட்டங்களையும் எங்கள் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகுகளிலும் வலைகளிலும் கரிய பிசின்போல் அப்பிக்கொண்டது. தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில் 787 படகுகளைச் சீர்செய்யப் படகொன்றுக்கு 10,000 ரூபாய் தனியாகவும், வாழ்வாதாரம் இழந்த 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் தனியாகவும் இருந்தன. தொகை போதுமா என்பது வேறு விவாதம். படகு ஒரு கணக்கு, கடலுக்குப் போகாத நாட்கள் மற்றொரு கணக்கு என்பது அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மீண்டும் லாரி உரிமையாளரை அழைத்தேன். நபிமொழியோ வசனமோ சொல்லவில்லை. "அய்யா, கதவு நசுங்கினது ஒரு நஷ்டம். நாலு நாளா வண்டி இல்ல. அத யாரு குடுப்பா? நாளைக்கு எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. எந்த மருத்துவமனை, என்ன நோய் என்று விசாரித்தார். மறுநாள் 11,500 ரூபாய் வந்து சேர்ந்தது. ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பிடித்தாரா, இல்லையா என்பதை நான் அறியேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் புதுப்பேட்டையிலிருந்து கதவைக் கொண்டுவந்தார். திங்களன்று மாலை வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்கப் போனேன். புதிய கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தவர், முன் பம்பரின் இடது மூலையைக் காட்டி, "இது பழைய அடி ஹஜ்ரத். இதையும் சேத்து எடுத்துடவா?" என்று கேட்டார்.

அந்த அடி எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் காசிமேட்டில் ஒரு மீன்பாடி வண்டியின் சக்கரத்தில் இடித்தேன். பிழை என்னுடையது. சக்கரத்தின் ரிம் வளைந்துவிட்டது. மதரஸாவுக்கு நேரமாகிவிட்டதென்று கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இருமுறை அழைத்தார். "சம்பளம் வரட்டும்" என்றேன். சம்பளம் வந்தது, வேறு செலவுகளும் வந்தன. பிறகு அவர் அழைக்கவில்லை. அழைப்பு நின்றதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில், எடுத்துக்கொள்ளவும் இல்லை, மறந்தே போனேன்.

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்த வசனத்தை மனத்தின் ஒரு மூலையில் எனக்குச் சாதகமாக வைத்திருந்தேன் போலும். ஆனால் அவகாசம் கொடுக்கும்படி சொல்லப்பட்டவர் உரிமைக்காரர். கடனாளி கேட்காமலே எடுத்துக்கொள்ளும் அவகாசத்தைப் பற்றி அது பேசவில்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. வசதியுள்ளவர் தவணை சொல்லி இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. நான் வசதியுள்ளவன் அல்லன். ஆனால் ஒரு ரிம்முக்கான பணம் அந்த எட்டு மாதங்களில் என் கைக்குப் பலமுறை வந்து போயிருக்கிறது.

மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, உம்மாவை அழைத்துச் செல்ல நேரம் இருந்ததால், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. இருவரிடம் விசாரித்ததும் அவரைக் கண்டுகொண்டேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டார், சிரிக்கவில்லை.

"ரிம்முக்கு 1,400 ஆச்சு பாய். நாலு நாள் வண்டி இல்ல. அத யாரு குடுப்பா?"

லாரி உரிமையாளரிடம் நான் கேட்ட அதே கேள்வி. ஒரு சொல்லும் மாறவில்லை.

அபகரிக்கப்பட்ட பொருளின் இடைக்காலப் பயனுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் வாடகை உண்டு. நான் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், யதீமின் சொத்து, வக்ஃபு சொத்து போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பொதுவாக இல்லை. அந்தச் சட்டத்தை எண்ணியே, எனக்கான ஆட்டோ செலவை லாரி உரிமையாளரிடம் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் எட்டு மாதம் காக்கவைத்த ஒரு மனிதரின் முன் நின்று, "என் மத்ஹபில் அதற்குக் கட்டாயம் இல்லை" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த நான்கு நாட்களும் வேறு வண்டியை நாளொன்றுக்கு 150 ரூபாய் வாடகைக்கு எடுத்து ஓட்டியதாகச் சொன்னார். வரும் வழியில் நண்பரிடம் கைமாற்றாக வாங்கியிருந்த பணத்திலிருந்து 2,000 ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். "தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்றேன். "சரி, போங்க பாய்" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

சகோதரர்களே! தொழுகையில் ஒரு ரக்அத் தவறினால் பதறுகிறோம். நம் வண்டி இடித்த சைக்கிள், நம் பிள்ளை உடைத்த பக்கத்து வீட்டுக் கண்ணாடி, நம் வீட்டுக் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டில் ஊறிய சுவர் ஆகியவற்றில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம். ஹக்குல் இபாத் எனும் அடியார்களின் உரிமையை உரியவர் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று மேடையில் பேசும் என் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். சேதம் செய்துவிட்டால் எண்ணைக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் அழைக்கும் முன் நீங்கள் அழையுங்கள். பணம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லி, எந்த நாளில் தருவீர்கள் என்பதை அவர் ஒப்புதலோடு முடிவு செய்யுங்கள். பழுது நீங்கும்வரை அவர் எதைக்கொண்டு பிழைப்பார், எப்படிப் பயணிப்பார் என்று ஒருமுறையேனும் கேளுங்கள்.

பத்தாம் நாள் புதன்கிழமை கார் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை உம்மா அந்தக் கதவின் வழியாகத் தாமாகவே ஏறி அமர்ந்தார்கள். "பழைய கதவைவிட இது கனமாக இருக்கிறது" என்றார்கள். முன் பம்பரின் பழைய அடியை நான் எடுக்கச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் காரணம் கேட்டார். பணம் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

யா அல்லாஹ்! நாங்கள் பிறருக்குத் தரவேண்டியதை, அவர்கள் கேட்டு அலையும் முன் கொடுத்துவிடும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் மறதியால் நட்டமடைந்தவர்களுக்கு நீ ஈடு செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.