ரீவிக்கும் ஒரு மூடும் நேரம் இருந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகள் இன்னும் படுக்கவில்லை என்றால் இப்போதே வாசியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிபிசி தன்னுடைய பழைய நிகழ்ச்சி நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது. ‘ரேடியோ டைம்ஸ்’ என்ற வாரச் சஞ்சிகையில் வந்தவை அவை. தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நேர அட்டவணை வாசிக்கப் பழக்கலாம் என்று 1960களின் பக்கங்கள் சிலவற்றைத் தேடி எடுத்தேன். நாடகம், பாட்டு, பந்தடி எல்லாம் இருக்கின்றன. ஆனால் எனக்குப் புதினமாகப் பட்டது அந்த நேரங்கள்தான்.

அப்போது அங்கே இருந்ததே பிபிசி, ஐ.ரி.வி. என்று இரண்டு அலைவரிசைகள். மூன்றாவதாக பிபிசி 2 தொடங்கியது 1964 ஏப்ரல் 20ஆம் திகதி. அதுவும் நினைத்தபடி நடக்கவில்லை. பற்றர்சீ மின் நிலையத்தில் தீ பிடித்து மேற்கு லண்டன் முழுக்க இருளாகிவிட்டது. பிபிசியின் பிரதான நிலையத்திலும் கரண்ட் இல்லை. தொடக்க விழாவுக்கு ஆயத்தம் செய்த பாட்டு நாடகமும் வாணவேடிக்கையும் அன்று போகவில்லை. அடுத்த நாள் காலை 11 மணிக்குச் சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றோடுதான் அந்த அலைவரிசை ஆரம்பமானது. அன்று பின்னேரம் அறிவிப்பாளர் ஒரு மெழுகுதிரியோடு திரையில் தோன்றி, அதை ஊதி அணைத்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்கினார். கரண்ட் வெட்டு நமக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை!

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். அந்தக் கால பிரித்தானிய ரீவி ஒவ்வொரு இரவும் முடிந்தது. நள்ளிரவை ஒட்டி எல்லாம் ஓய்ந்துவிடும். சில இரவுகளில் கடைசியாக ஒரு சின்னச் சமய உரை இருக்கும். பிறகு பிபிசியில் தேசிய கீதம். அதோடு சரி. ரீவியை நிறுத்தினால் படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் மறையும். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. ராஜாவாக இருந்தாலும் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இன்னும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுமார் 6.15 முதல் 7.25 வரை பொதுவான நிகழ்ச்சிகள் போடக்கூடாது. தேவாலயத்துக்குப் போகும் நேரம் அது. 60களில் அந்த நேரத்தில் சமய நிகழ்ச்சிகள் மட்டும்தான் போயின. நம்முடைய மஃரிப் நேரத்தை நினைத்துப் பாருங்கள், அவர்களுக்கும் அப்படி ஒரு நேரம் இருந்திருக்கிறது.

அதற்கும் முன்னால், 1957 பெப்ரவரி வரைக்கும், பின்னேரம் 6 முதல் 7 மணி வரை ரீவியே கிடையாது. சின்னப் பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்ப உம்மாமார்களுக்கு ஒரு மணித்தியாலம் விட்டிருந்தார்கள். இதை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? ஐ.ரி.வி. விளம்பரத்தில் ஓடுகிற நிலையம். ஒரு மணித்தியாலம் திரை சும்மா இருந்தால் அவ்வளவு காசு நட்டம். அவர்கள் விடாமல் கேட்டார்கள், எடுபட்டது. இத்தனை மணித்தியாலம்தான் ஒளிபரப்பலாம் என்று அரசாங்கம் வைத்திருந்த வரம்பும் 1972 ஜனவரியில் போனது. பிபிசி 1 இரவில் மூடுவதை 1997 நவம்பரில் நிறுத்திவிட்டது.

நம்ம கதை வேறு. 60களில் இலங்கையில் ரீவியே இல்லை, வானொலிதான். 1979 ஏப்ரல் 13ஆம் திகதி ஐ.ரி.என். வந்தது. ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி வந்தது. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையில் கோபுரம். அதற்குப் பிறகுதான் வாவிக் கரை ஊர்களில் ஓட்டுக்கு மேலே அன்ரனாக்கள் முளைத்தன. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் ரீவியோடு வந்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் இருந்தது. மஃரிப் தொழுதுவிட்டுப் போனால் பாய் விரித்திருக்கும். சின்னப் பிள்ளைகள் முன்னுக்கு, பெண்கள் குசினிப் பக்கம், ஆண்கள் விறாந்தையில். சிங்கள நாடகத்தை விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லுவார், பாதி அவருடைய சொந்தக் கதையாக இருக்கும். இஷாவுக்கு பாங்கு சொன்னால் சத்தம் குறையும், ஆண்கள் எழும்பிப் போவார்கள். கரண்ட் இல்லாத நாளில் கார் பெற்றரியில் பார்ப்போம். பெற்றரி இறங்க இறங்கப் படமும் சுருங்கும். கடைசியில் தேசிய கீதம் போனதும் அந்த வீட்டு மூத்தம்மா எழும்பி, “அவனுகளே படுத்துட்டானுகள், நீங்களும் போய்ப் படுங்க புள்ளையாள்” என்று பாயைச் சுருட்டுவா. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கத் தேவை இருக்கவில்லை. “இன்னும் கொஞ்சம்” என்று கேட்க அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். முதலாம் பாடவேளை. மேசையில் தலையை வைத்தபடி நாலைந்து பேர். நல்லாப் படிக்கிற ஒரு மகனை எழுப்பி, “ராவைக்கு எத்தனை மணிக்குப் படுத்தாய்?” என்று கேட்டேன். “போன்ல சார்ஜ் முடிஞ்ச நேரம் படுத்தன் சேர்” என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை. நேரம் அவனுக்கே தெரியாது. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளை அவன்.

அவனில் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நமக்கு நிலையத்தார் மூடித் தந்தார்கள். அவனுக்கு ஒரு வீடியோ முடிய முன்னமே அடுத்தது தானாக ஓடுகிறது. 1957இல் அந்த ஒரு மணித்தியாலத்தை எடுத்த அதே கணக்குத்தான் இதுவும். திரை சும்மா இருந்தால் யாருக்கோ நட்டம். 15 வயதுப் பிள்ளை தனியாக அந்தக் கணக்கோடு மல்லுக்கட்ட ஏலுமா?

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. இஷாவுக்கு முன்னால் தூங்குவதையும் இஷாவுக்குப் பின்னால் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று அபூ பர்ஸா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. கல்வி, விருந்தாளி, குடும்பத்தோடு பேசுவது போன்றவற்றுக்கு உலமாக்கள் விலக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, இரவுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது நம்மிடம் முன்பே இருக்கிறது. சுபஹுக்கு எழும்ப வேண்டியவனுக்கு அது தேவையும்கூட.

அதனால் பெற்றோரிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன்.

ஒன்று, வீட்டுக்கு ஒரு மூடும் நேரம் வையுங்கள். அந்த நேரம் வந்ததும் எல்லாப் போன்களும் ஹோலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். அறைக்குள் ஒன்றும் போகக்கூடாது.

இரண்டு, வாப்பாவுடைய போன்தான் முதலில் அங்கே வரவேண்டும். வாப்பா கட்டிலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைத் தூங்கச் சொன்னால் எடுபடாது.

மூன்று, “வட்ஸ்அப்பில் நோட்ஸ் வரும்” என்று பிள்ளை சொன்னால் எங்களிடம் கேளுங்கள். ரியூஷன் சேர்மார், பாடசாலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். இரவு 9 மணிக்குப் பிறகு குழுவில் ஒன்றும் போடாதீர்கள். காலையில் போட்டால் ஒன்றும் குறையாது.

முதல் கிழமை சண்டை வரும். பொறுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள், விலை பெரிதில்லை.

எங்கள் வீட்டில் 10 மணி என்று வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எத்தனை மணி சரிவரும் என்று வீட்டாரோடு பேசிவிட்டு எழுதுங்கள். பத்து வீடு சேர்ந்தால், “அவன் வீட்டில் விடுகிறார்கள்தானே” என்ற கதை பிள்ளைகளிடம் குறையும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.