மயிலுக்கும் பங்குண்டு

கொல்லைப்புறத்தில் பாத்தி கட்டி நாம் விதைத்த தண்டுக்கீரை, முளைவிட்ட சில நாள்களிலேயே மயில்களுக்கு இரையாயிற்று. மிளகாய்ச் செடியும் தப்பவில்லை. தானியத்தில் நஞ்சு கலந்து வைக்கலாமென அண்டை வீட்டார் யோசனை கூறினர்.

மயில் 1963-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டின் தேசியப் பறவை. அதனைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். நஞ்சு மயிலோடு நிற்பதுமில்லை. கோழியையும் காக்கையையும்கூடக் கொல்லும். எனினும், நம்மைத் தடுத்தது சட்டமும் அச்சமும் மட்டுமல்ல. ஒரு முஸ்லிம் நட்ட பயிரிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அமுதமொழியன்றோ!

அப்படியாயின் விளைச்சலை வாரிக் கொடுத்துவிட்டு வாளாவிருப்பதா? அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்புச் சாட்டக் கற்பித்தது நம் மார்க்கம். ஆகவே, நாற்றுகள் வேரூன்றும்வரை பாத்தியின்மேல், பறவையின் கால் சிக்காதவாறு வலையை இறுக இழுத்துக் கட்டினோம். காலையும் மாலையுமே மயில்கள் மிகுதியாக இரை தேடுமாதலால் அவ்வேளைகளில் காவலிருந்தோம்.

வேலி நம் உரிமை. நஞ்சு நம் உரிமையன்று. வேலியையும் மீறி மயில் கொத்திச் செல்லும் நான்கு மிளகாய்கள் ஸதகாவாகவே இருக்கட்டும்.