நேரம் எழுதப்படாத எண்

திருகோணமலைத் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. கரையில் நிற்போர் அதனை உணர்தல் அரிது. ஆயினும், அங்கு நிறுவப்பட்ட கடல்மட்டமானி அதனை அளந்து செய்மதி வழியாக அனுப்பும் வகையில் அமைந்தது. யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணைக்குழுவுக்காகப் பெல்ஜியத்தின் ஒஸ்தெண்ட் நகரில் இயங்கும் தரவுத்தளம், பல நாட்டு மானிகளின் இத்தகைய அளவுகளைச் சேர்த்து, வினவுவோர்க்கு இணையப்பக்கத்தில் வரைபாக விரிக்கிறது.

பக்கத்தில் தோன்றுவது, வினா எழுப்பப்பட்ட கணத்தில் தரவுத்தளம் அளித்த விடையேயாகும். மீண்டும் வினவாத பக்கம் பழைய விடையையே புதியதுபோற் காட்டிக்கொண்டிருக்கும். ஆதலின், குறித்த இடைவெளிகளில் தானே வினவிப் புதுப்பிக்குமாறு அதனை அமைப்பர். எனினும், மானி பழுதுற்று மௌனித்துவிடின், எத்தனை முறை வினவினும் இறுதியாக வந்த எண்ணே திரும்ப வரும்.

2004 டிசெம்பர் 26 காலை திருகோணமலைக் கரையைத் தாக்கிய கடற்கோளை நினைவிற் கொண்டோர் இதன் பொருளை நன்கறிவர். அத்தகைய வேளையில் வெற்றிடம் ஐயத்தை எழுப்பும். பழைய எண்ணோ கடல் அமைதியாக உள்ளதெனப் பொய்யுரைக்கும். எனவே, பக்கத்தை அமைப்போர் எண்ணின் அருகே அளந்த நேரத்தையும் எழுதுதல் வேண்டும். அளவு வராதபோது வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுதல் வேண்டும்.