நான் மறைத்த கொப்பி

உவர்மலையில் எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள் ஒரு 80 பக்கக் கொப்பி கிடக்கிறது. அதன் நடுப்பக்கத்தில் மகளின் கையெழுத்தில் 1 முதல் 16 வரை இலக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரி அல்லது ஒரு பிழை. சரி 9, பிழை 7. இரண்டு வருடங்களாக அதை நான் ஒருவருக்கும் காட்டாமல் இருந்தேன். மறந்துபோய் அல்ல, தெரிந்துதான் மறைத்தேன்.

என் காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சனம் நம்பியது அதைத்தான். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு நகரத்தில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். கசற் டெக்கின் ஹெட் ஒரு மயிரிழை சரிந்திருந்தாலே சலங்கையும் சிம்பலும் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல மங்கிவிடும். முதலாளி சின்ன ஸ்குரூ டிரைவரைக் கையில் தந்து, "மீற்றரைப் பாராதை, காதால பிடி" என்பார். மெல்லத் திருப்பிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் சலங்கை பளிச்சென்று வரும். கொஞ்சம் தாண்டினால் திரும்பவும் மங்கும். அந்த இடத்தை நான் தவறவிட்டது குறைவு. இன்றைக்கும் இந்த ஊரில் ஸ்பீக்கர் வாங்க முன் என்னைக் கேட்கிற ஆட்கள் இருப்பது அதனால்தான்.

2021இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தபோது நானும் லப்டொப்பில் பாட்டுக் கேட்கப் பழகினேன். எண்களைச் சத்தமாக மாற்றும் 'டாக்' என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதற்குப் பிறகு, சத்தத்தையே மாற்றிவிடும் என்று பேர்பெற்ற ஒரு பிளேயர் மென்பொருளுக்குச் சந்தா கட்டினேன். முதல் நாள் இரவு ஒரு புதுப் படப்பாட்டை அந்தப் பிளேயரில் போட்டேன். பாடகி ஒரு அடி முன்னுக்கு வந்து நின்றார். தபேலாவின் தோல் அதிர்வது தனியாகக் கேட்டது. உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு உண்மை. அதற்கு நான் சொன்ன காரணம்தான் பிழை.

காரணத்தை ஆராயாமலே ஊருக்குச் சொல்லத் தொடங்கினேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், "தம்பி, நீர் சொன்னால் சரிதான்" என்று சந்தா எடுத்தார். சந்தா டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரைக்கும் போய்விட்டது. காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. பென்ஷன் காசில் வாழ்கிற மனிதர் என்னிடம் கேட்டார்: "இதை நிப்பாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியுமோ?"

"பாட்டின்ர உயிர் போயிடும் ஐயா" என்றேன்.

அவர் கட்டினார்.

அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து உறுத்தியது. அடுத்த வருடம் மகளைப் பிடித்து ஒரு சோதனை வைத்தேன், நான் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' சிடியில் இருந்து தரம் குறையாமல் எடுத்த ஒரே ஃப்ளாக் கோப்பு. ஒரு பக்கம் என் கட்டணப் பிளேயர், மற்றப் பக்கம் காசில்லாமல் கிடைக்கும் ஃபூபார்2000. இரண்டும் விண்டோஸின் கலவைப் பகுதிக்குள் போகாமல் நேரே டாக்குக்கு அனுப்பும்படி வைத்தேன். இரண்டிலும் வொலியூம் முழுசாய். மகள் காசு சுண்டி எது என்று தீர்மானிப்பாள், நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சொல்ல வேண்டும்.

முதல் 4 தரமும் துணிவாகச் சொன்னேன். பிறகு துணிவு குறைந்தது. 10ஆவது தரத்தில் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, மகள் மவுஸை எத்தனை தரம் அமத்துகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் இருந்து கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். என் சொந்தப் பிள்ளையை ஏமாற்றப் பார்த்தேன். அப்படியும் 9.

"அப்பா, சும்மா பூவா தலையா பாத்துச் சொன்னாலே 8 வரும்" என்றாள். அது சரி. 16க்கு 12 வந்தால்தான் அது குருட்டு அதிஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 4க்குள் இறங்கும். நான் கரண்டில் குறை சொன்னேன், வோல்ட்டேஜ் இறங்கிக் கிடக்குது என்று. அவள் ஒன்றும் பேசாமல் கொப்பியை மூடினாள்.

அந்தக் கிழமையே உட்கார்ந்து படித்தேன். ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. இப்போதைய படப்பாட்டுகள் உரத்துப் பதியப்பட்டவை என்பதால் அவற்றைக் குறைத்துவிடும். என் பிளேயர் குறைக்கவில்லை. முதல் நாள் பாடகி முன்னுக்கு வந்தது அதனால்தான். ஒரு டெசிபெல் உயர்வைக்கூட மனிதக் காது உரப்பு என்று உணராமல் தெளிவு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். விண்டோஸ் தன்பாட்டில் விட்டால் சிடியின் நொடிக்கு 44,100 மாதிரிகளை 48,000 ஆக மாற்றி அனுப்பக்கூடும், அதுவும் உண்மை. ஆனால் அதைத் தவிர்க்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இரண்டு பிளேயர்களும் ஒரே எண்களை அனுப்பினால், எது அனுப்பியது என்று டாக்குக்குத் தெரிய வழியே கிடையாது. இன்றைய யூஎஸ்பி டாக்குகள் பலவற்றில் நேரத்தைப் பிடிப்பதும் டாக்கின் சொந்தக் கடிகாரம்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. ஐயா இன்னொரு வருடத்துக்குச் சந்தா கட்டினார். கட்ட முன் எனக்கு ஃபோன் எடுத்தார். "ஓம், கட்டுங்கோ" என்றேன். முதல் தரம் சொன்னது அறியாமை. இரண்டாம் தரம் சொன்னது பொய்.

போன மாதம் கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு 16 வரியையும் மெல்ல வாசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப தம்பி, இடப்பக்கம் சத்தம் குறைவாக் கேக்கிறது எதால?"

அம்பிளிஃபயரை முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். இடப்பக்க வயரின் முனையில் பச்சையாகக் களிம்பு. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எந்தச் செம்பும் தப்பாது, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினேன். இடப்பக்கம் வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எத்தனை தரம் அந்த வீட்டுக்குப் போயிருப்பேன்! ஒரு தரமாவது அந்த முனையைப் பார்த்ததில்லை. லப்டொப் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்டைக் காதால் பிடிக்கச் சொல்லித்தந்த மனிதர் இருந்திருந்தால் முதல் நாளே இடப்பக்கத்தைச் சொல்லியிருப்பார்.

கடைசி வருடச் சந்தாக் காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தார்.

என் சொல்லைக் கேட்டு இதே மென்பொருளுக்குக் காசு கட்டுகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறீர்கள். பாட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைக்க அது உதவுகிறது என்றால் வைத்திருங்கள். சத்தத்துக்காக என்றால் இனிப் புதுப்பிக்க வேண்டாம். நான் சொன்னது பிழை. கொப்பி என்னிடம் இருக்கிறது, வந்து பாருங்கள். வயர் முனைகளைத் துடைத்துத் தருவதற்கு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.